பிளவுபட்ட உதடும் வளரும் முகமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உதட்டிலோ மேலண்ணத்திலோ பிளவுடன் பிறக்கும் குழந்தைகளைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இக்குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை உண்டு என்பதை இன்று அறியாதார் குறைவு. ஆனால் அந்த அறுவைக்குப் பின்னர் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்தவர்களும் குறைவாகவே உள்ளனர். ஆகவே இன்றைய உரையை அந்தப் பிற்பகுதிக்கே பெரிதும் ஒதுக்க விரும்புகிறேன்.

பொதுவாக நடப்பது இதுதான். குழந்தை பிறக்கிறது. வீட்டில் அழுகையும் கலக்கமும் நிலவுகின்றன. சில மாதங்களில் உதடு தைக்கப்படுகிறது. ஒரு வயதையொட்டி அண்ணமும் மூடப்படுகிறது. குழந்தை சிரிக்கிறது, பெற்றோர் மனம் குளிர்கிறார்கள். மருத்துவக் காகிதங்கள் அலமாரிக்குள் போய்விடுகின்றன. பின்னர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கியும் கீழ்த்தாடை முன்துருத்தியும் தோன்றத் தொடங்குகின்றன. மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்குப் பின்னால் போய் நிற்கின்றன. அப்போதுதான், "அன்று சரியாகத் தைக்கவில்லையோ?" என்ற கேள்வி எழுகிறது. தையல் சரியாகவே இருந்திருக்கலாம். தைத்த பிறகும் முகம் பதினாறு, பதினெட்டு ஆண்டுகள் வளர்ந்துகொண்டிருக்கும் என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பதே குறை.

பிளவு எவ்வாறு உண்டாகிறது?

உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று இக்குறையுடன் பிறக்கிறது. தாயின் வயிற்றில் கரு உருவாகும்போது, முகம் ஒரே துண்டாகத் தோன்றுவதில்லை. நெற்றிப் பக்கத்திலிருந்தும் இரு கன்னங்களின் பக்கத்திலிருந்தும் சிறு சிறு மேடுகள் வளர்ந்து, ஒன்றையொன்று நெருங்கி இணைகின்றன. உதட்டின் இணைப்பு கருவின் நான்காவது வாரத்திற்கும் ஏழாவது வாரத்திற்கும் இடையில் நிறைவடைகிறது. அண்ணத்தின் இரு பாதிகளோ முதலில் நாக்கின் இருபுறமும் செங்குத்தாகத் தொங்கி நிற்கின்றன. பின்னர் அவை மேலெழுந்து கிடைமட்டமாகி நடுவில் கூடுகின்றன. பன்னிரண்டாவது வாரத்திற்குள் இப்பணி முடிந்துவிடும். இவற்றுள் எந்த இணைப்பு நிகழாமற் போனாலும் அவ்விடத்தில் பிளவு நின்றுவிடுகிறது.

இந்தக் கணக்கை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பது உறுதியாவதற்குள்ளாகவே உதட்டின் இணைப்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆகவே ஏழாம் மாதத்துக் கிரகணத்தின்போது தாய் வெளியே வந்தாள், காய் நறுக்கினாள் என்று பழி சுமத்துவதில் எள்ளளவும் பொருளில்லை. கிரகணத்தை எவருடைய பிறப்போடும் இறப்போடும் பிணைக்கலாகாது என்பது நம் மார்க்கமும் நமக்குக் கற்பித்ததே. மரபணுக் கூறுகளும் சூழ்நிலைக் கூறுகளும் சேர்ந்தே இக்குறையை உண்டாக்குகின்றன. வலிப்பு நோய்க்கான சில மருந்துகள், புகைப்பழக்கம், ஃபோலிக் அமிலக் குறைவு, நெருங்கிய இரத்த உறவில் திருமணம் ஆகியவை ஆய்வுகளில் பேசப்படுகின்றன. எனினும் ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு இதுதான் காரணம் என்று பெரும்பாலும் சுட்டிக்காட்ட இயலாது. வலிப்பு மருந்து உட்கொள்ளும் பெண்கள் அதைத் தாமாக நிறுத்திவிடாமல், கருவுறத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் கலந்து பேச வேண்டும்.

தொடக்கக் காலச் சிகிச்சை

அண்ணத்தில் பிளவுள்ள குழந்தையால் வாயை அடைத்துப் பாலை உறிஞ்ச இயலாது. பால் மூக்கு வழியாக வெளியேறும். தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, குழந்தையைத் தலை உயர்த்திய நிலையில் மடியில் வைத்து, பாலாடையாலோ கரண்டியாலோ சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். நம் பாட்டிமார்களின் பாலாடை இங்கே உயிர்காக்கும் கருவியாகிறது. எடை ஏறினால்தான் அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்க முடியும். பத்து வாரம் வயது, பத்து இறாத்தல், அதாவது சுமார் நான்கரைக் கிலோ எடை, பத்து கிராம் ஹீமோகுளோபின் என்பது உதட்டு அறுவைக்கு மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் எளிய கணக்கு. அண்ணத்தை மூடும் அறுவை பெரும்பாலான இடங்களில் ஒன்பது மாதம் முதல் பதினெட்டு மாதத்திற்குள் செய்யப்படுகிறது. இக்குழந்தைகளின் நடுச்செவியில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறைவதும் உண்டு. ஆகவே காதையும் சோதிக்க வேண்டும்.

முகம் வளரும் விதம்

பிறந்த குழந்தையைக் கவனித்துப் பாருங்கள். தலை பெரிது, முகம் சிறிது. மண்டையோட்டோடு ஒப்பிட்டால் முகம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். வளர்ந்த மனிதரில் அது ஏறக்குறையப் பாதியளவுக்கு வந்துவிடுகிறது. மண்டையோடு முதல் ஆறேழு ஆண்டுகளிலேயே தன் வளர்ச்சியின் பெரும்பகுதியை முடித்துக்கொள்கிறது. முகமோ அதற்கடியிலிருந்து கீழ்நோக்கியும் முன்நோக்கியும் நிதானமாக வளர்ந்து வருகிறது. முகத்திலும் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. மேல்தாடை முந்திக்கொள்கிறது. கீழ்த்தாடை பிந்தி வளர்ந்து, பருவமடையும் வயதில் விரைந்து நீண்டு, இறுதியில்தான் நிற்கிறது. பெண்பிள்ளைகளுக்குப் பதினைந்து, பதினாறு வயதளவிலும் ஆண்பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதளவிலும் இவ்வளர்ச்சி பெரும்பாலும் ஓய்கிறது.

இந்த முறையை மனத்திற்கொண்டால் நாம் கண்ட சிக்கல் விளங்கிவிடும். பிளவுடன் பிறந்த பல குழந்தைகளில் மேல்தாடை முன்நோக்கி வளர வேண்டிய அளவுக்கு வளர்வதில்லை. ஐந்து வயதில் அது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. பருவ வயதில் கீழ்த்தாடை தன் இயல்பான வேகத்தில் முன்னேறும்போதுதான் இரண்டுக்கும் உள்ள இடைவெளி வெளிப்படுகிறது. கீழ்த்தாடை பெரிதாகிவிட்டது என்று பெற்றோர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் பின்தங்கியது மேல்தாடையே.

எல்லாக் குழந்தைகளுக்கும் இது ஒரே அளவில் நேர்வதில்லை. உதட்டில் மட்டும் பிளவிருந்தால் தாடை வளர்ச்சி ஏறத்தாழ இயல்பாகவே அமையும். உதடு, ஈறு, அண்ணம் மூன்றும் பிளந்திருந்தால்தான் வாய்ப்பு மிகுதி. அவர்களிலும் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே பிற்காலத்தில் தாடை அறுவை தேவைப்படும் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. இவ்விகிதம் மருத்துவ மையத்துக்கு மையம் மாறுபடும்.

மேல்தாடை ஏன் பின்தங்குகிறது?

இக்கேள்விக்கு இரு விடைகள் சொல்லப்பட்டன. பிளவுடன் பிறந்த தாடைக்கு வளரும் ஆற்றலே குறைவு என்பது ஒன்று. நாம் செய்யும் அறுவையின் தழும்பே வளர்ச்சியைத் தடுக்கிறது என்பது மற்றொன்று. அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணரான டி.எம். கிரேபர் 1949 ஆம் ஆண்டிலேயே அறுவையின் விளைவைக் குறித்து எச்சரித்தார். மெக்சிகோ நாட்டின் அறுவை மருத்துவர் ஃபெர்னாண்டோ ஓர்டிஸ் மொனஸ்தேரியோ, அறுவையே செய்துகொள்ளாமல் வளர்ந்துவிட்ட பெரியவர்களின் முகங்களை அளந்து 1959 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர்களின் மேல்தாடை நன்கு வளர்ந்திருந்தது.

இவ்வினாவுக்கு விரிவான விடை நம் அண்டை நாடான இலங்கையிலிருந்து வந்தது. இலண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த பல் சீரமைப்பு நிபுணர் மைக்கேல் மார்ஸ், 1980களில் தம் குழுவினருடன் இலங்கைக்கு வந்து காலி நகரில் பணியாற்றினார். சிகிச்சை எட்டாமல் பிளவுடனேயே வளர்ந்து பெரியவர்களானோர் அங்கே ஏராளமாக இருந்தனர். அவர்களுக்கு அறுவை செய்ததோடு, அவர்களுடைய பற்களின் அச்சுகளையும் எக்ஸ்ரே படங்களையும் எடுத்து ஆராய்ந்தனர். 1990 ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வு, அறுவை செய்யப்படாதவர்களின் மேல்தாடை ஏறத்தாழ இயல்பாகவே முன்நோக்கி வளர்ந்திருந்ததை எடுத்துக்காட்டியது. வளரும் ஆற்றல் அந்தத் தாடைகளில் பெருமளவு இருக்கத்தான் செய்கிறது. அண்ணத்தை மூடும்போது எலும்பின் மேலுள்ள சவ்வைப் பெயர்த்து நகர்த்த வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் உண்டாகும் தழும்பு இறுகி, வளரும் எலும்பைப் பிடித்து நிறுத்துகிறது.

அப்படியானால் அறுவையைத் தள்ளிப்போடலாமா?

இங்கேதான் நான் உங்களைச் சற்று நிறுத்தி வைக்க விரும்புகிறேன். அறுவை வளர்ச்சியைத் தடுக்கும் என்று கேட்டவுடன், "அப்படியானால் வளர்ந்த பிறகு செய்துகொள்ளலாமே" என்ற எண்ணம் எழுவது இயல்பு. அது ஆபத்தான எண்ணம். அதே இலங்கைக் குழுவினர் பேச்சையும் ஆராய்ந்தனர். பெரியவர்களான பிறகு அண்ணம் மூடப்பட்டவர்களில் மிகப் பலருக்கு அதன் பின்னரும் பேச்சு திருந்தவில்லை. நன்கு வளர்ந்த தாடை இருந்தது. பிறர் புரிந்துகொள்ளும் பேச்சு இல்லை. குழந்தை சொற்களைக் கற்கும் காலத்தில் அண்ணம் மூடியிருக்க வேண்டும். இல்லையேல் காற்று மூக்கு வழியே கசிய, ஒலிகளைத் தொண்டையிலிருந்து தவறாக உருவாக்கும் பழக்கம் நிலைத்துவிடும்.

இதை அண்மைக்கால ஆய்வொன்றும் உறுதிப்படுத்துகிறது. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள 23 மருத்துவ மையங்களில், அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள 558 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2023 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆறாவது மாதத்தில் அறுவை செய்யப்பட்ட குழந்தைகளில், ஐந்து வயதில் பேசும்போது அண்ணம் சரிவர மூடாத குறை 8.9 விழுக்காட்டினருக்கு இருந்தது. பன்னிரண்டாவது மாதத்தில் செய்யப்பட்டவர்களில் அது 15 விழுக்காடாக இருந்தது. மயக்க மருந்தைத் தாங்கும் உடல்நிலையுள்ள குழந்தைகளுக்கு, தேர்ந்த மையங்களில் கிடைத்த முடிவு இது. ஆகவே எந்த மாதம் என்பதைக் குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்வார். நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது பேச்சைப் பறித்துவிடும் என்பதே.

ஒரு பக்கம் பேச்சு, மறுபக்கம் தாடை. பேச்சுக்காக அறுவையை உரிய காலத்தில் செய்துவிடுகிறோம். அதனால் தாடைக்கு நேரக்கூடிய தடையைப் பின்னர் வரும் ஆண்டுகளில் தொடர்ந்து கண்காணித்து ஈடுசெய்கிறோம். இதுவே இன்றைய மருத்துவம் மேற்கொண்டுள்ள வழி. கண்காணிப்பைக் கைவிட்டால் இந்த ஏற்பாட்டில் பாதியை மட்டுமே நாம் பெற்றுக்கொண்டவர்களாவோம்.

அறுவை மருத்துவரின் கைத்திறனும் இதில் அடங்கும். வட ஐரோப்பாவின் ஆறு மையங்களை ஒப்பிட்டு 1992 ஆம் ஆண்டில் வெளியான யூரோகிளெஃப்ட் ஆய்வில், மையத்துக்கு மையம் தாடை வளர்ச்சியில் பெரிய வேறுபாடு காணப்பட்டது. பிரிட்டனில் அப்போது 57 குழுக்கள் சிதறலாக இச்சிகிச்சையைச் செய்துவந்தன. அவற்றைச் சில பெரிய மையங்களாக ஒருங்கிணைக்க வேண்டுமென 1998 ஆம் ஆண்டில் அங்கே பரிந்துரைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஓரிரு குழந்தைகளுக்குச் செய்பவரைவிட, இதையே தொழிலாகக் கொண்டு, பல் சீரமைப்பு நிபுணரும் பேச்சுப் பயிற்சியாளரும் உடனிருந்து பணியாற்றும் மையத்தை நாடுவது நன்று. வீட்டுக்கு அருகில் இருப்பது மட்டும் தகுதியாகாது.

வயதுவாரியாகச் செய்ய வேண்டியவை

இரண்டு, மூன்று வயதிலிருந்து பேச்சைக் கவனிக்க வேண்டும். மூக்கொலி மிகுந்தால் பயிற்சியும், தேவைப்பட்டால் மற்றோர் அறுவையும் உண்டு. பால்பற்கள்தாமே என்று சொத்தையை விட்டுவிடக் கூடாது. சொத்தைப் பற்களை வைத்துக்கொண்டு பிற்காலத்தில் எலும்பு ஒட்டவோ கம்பி கட்டவோ இயலாது. பல் துலக்கும் பழக்கமே இச்சிகிச்சையின் மலிவான, ஆனால் இன்றியமையாத பகுதி.

ஐந்து, ஆறு வயதில் மேல் கீழ்ப் பல்வரிசைகள் எவ்வாறு பொருந்துகின்றன என்பதைப் பல் சீரமைப்பு நிபுணர் பதிவு செய்வார். ஏழு முதல் பத்து வயதிற்குள், மேல்தாடை குறுகியிருந்தால் விரிக்கும் கருவியும், சிலருக்கு மேல்தாடையை முன்னிழுக்கும் முகக்கவசக் கருவியும் பொருத்தப்படலாம்.

எட்டு வயதிலிருந்து பதினோரு வயதுக்குள் வரும் கட்டமே பெற்றோரால் மிகுதியும் தவறவிடப்படுவது. ஈற்றெலும்பில் உள்ள பிளவை நிரப்ப, பெரும்பாலும் இடுப்பெலும்பிலிருந்து சிறிது எலும்பை எடுத்து வைத்து ஒட்டுவார்கள். இதைப் பாய்ன், சாண்ட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் 1972 ஆம் ஆண்டில் விளக்கினர். பின்னர் நார்வே நாட்டின் ஆஸ்லோ குழுவினர் இம்முறையைப் பெருமளவில் செய்து நிலைநாட்டினர். கோரைப்பல் முளைப்பதற்கு முன்னரே இதைச் செய்துவிட்டால், அந்தப் பல் புதிய எலும்பின் வழியாகவே இறங்கி வந்து நிலைபெறும். பல் இறங்கிய பின் செய்வதில் அத்தனை நற்பலன் கிட்டுவதில்லை. உதடு அழகாகத் தைக்கப்பட்டு, பேச்சும் தெளிவாக இருக்கும் குழந்தையை எட்டு வயதில் மீண்டும் மருத்துவமனைக்கு ஏன் அழைத்துச் செல்ல வேண்டும் என்று கேட்கும் பெற்றோருக்கு இதுவே விடை.

பன்னிரண்டு வயதுக்குமேல் கம்பி கட்டிப் பற்களை ஒழுங்குபடுத்துவர். அப்போதும் மேல்தாடை மிகவும் பின்தங்கியிருந்தால், வளர்ச்சி ஓய்ந்த பிறகு மேல்தாடையைப் பிரித்து முன்னகர்த்திப் பொருத்தும் அறுவை உண்டு. நகர்த்த வேண்டிய தூரம் அதிகமானால், எலும்பை வெட்டிக் கருவி பொருத்தி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் நீட்டும் முறையும் உள்ளது. ரஷ்ய மருத்துவர் இலிசரோவ் கை கால் எலும்புகளுக்குக் கண்டறிந்த வழி இது. பிற்காலத்தில் முகத்திற்கும் அது கொண்டுவரப்பட்டது. தாடையை முன்னகர்த்தும்போது சிலருக்கு மூக்கொலி கூடலாம். ஆகவே பேச்சையும் முன்னதாகவே மதிப்பிட்டுக்கொள்வர்.

இங்கே ஒரு வேண்டுகோள். பெண்பிள்ளைக்குத் திருமணப் பேச்சு வருகிறது என்பதற்காக வளர்ச்சி முடிவதற்குள் தாடை அறுவையை அவசரப்படுத்தாதீர்கள். கீழ்த்தாடை மேலும் வளர்ந்தால் செய்த பணி வீணாகும். மருத்துவர் குறிக்கும் காலமே சரியான காலம்.

நாம் செய்யக்கூடியவை

செலவை எண்ணித் தயங்குவோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2013 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் குழந்தைகள் நலத்திட்டமான ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தில், பிறவிக் குறைகளின் பட்டியலில் உதடு, அண்ணப் பிளவும் இடம் பெற்றுள்ளது. பிறந்தது முதல் பதினெட்டு வயது வரை அத்திட்டம் பொருந்தும். ஸ்மைல் டிரெயின் என்னும் தொண்டு நிறுவனமும் 1999 ஆம் ஆண்டு முதல் பல மருத்துவமனைகள் வழியாக இலவச அறுவைக்கு உதவி வருகிறது. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரித்தாலே வழி தெரியும்.

ஆயினும் பெரும்பாலான குடும்பங்கள் சிகிச்சையைப் பாதியில் விடுவது அறுவைக் கட்டணத்தால் அன்று. பதினெட்டு ஆண்டுகளில் எத்தனையோ முறை பேருந்தேறி நகரத்துக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி போகும். வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளிருக்காது. தந்தை வெளிநாட்டில் இருந்தால் தாய் தனியே அலைய வேண்டும். ஜமாஅத் உதவ வேண்டிய இடம் இதுவே. பைத்துல்மாலிலிருந்து ஒரு சிறு பயணத் தொகையும், உடன் செல்ல ஒரு பெண் துணையும் ஏற்பாடு செய்தால், அக்குடும்பம் எட்டாம் வயதிலும் பன்னிரண்டாம் வயதிலும் மருத்துவமனையை மறக்காது. மஹல்லாப் பதிவேட்டில் இத்தகைய குழந்தைகளின் அடுத்த பரிசோதனை நாளைக் குறித்துவைத்து நினைவூட்டலாம். குடும்பத்தாரின் சம்மதத்துடனும் இரகசியம் காத்தும் இதைச் செய்ய வேண்டும்.

மதரஸாவிலும் பள்ளியிலும் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். இக்குழந்தைகளின் அறிவுக்கும் உதட்டுக்கும் தொடர்பில்லை. பிளவு மட்டுமே உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் மற்றப் பிள்ளைகளைப் போலவே கற்பார்கள். சரியாகக் காது கேட்கும்படி முன்வரிசையில் அமர்த்துங்கள். ஓதும்போது எழுத்தின் ஒலி பிசகினால் பிள்ளைகள் முன்னிலையில் திருத்தாமல், தனியே பொறுமையாகத் திருத்துங்கள். பட்டப்பெயரை வகுப்பில் ஒருமுறை அனுமதித்தால் அது அக்குழந்தையை ஊர் முழுதும் பின்தொடரும்.

பெற்றோரிடம் இறுதியாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தையின் மருத்துவக் காகிதங்கள், பற்களின் அச்சுகள், எக்ஸ்ரே படங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு முறை மருத்துவமனையை விட்டு வெளியேறும்போதும், "அடுத்து எப்போது வர வேண்டும், எதற்காக வர வேண்டும்?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, விடையை அக்கோப்பின் மேலட்டையில் எழுதி வையுங்கள். ஏழெட்டு வயதாகி, எலும்பு ஒட்டும் அறுவையைப் பற்றி இதுவரை எவரும் உங்களிடம் பேசவில்லையென்றால், இந்த மாதமே ஒரு பல் சீரமைப்பு நிபுணரிடம் பிள்ளையைக் காட்டுங்கள். அந்த வயதைக் கடந்துவிட்டவர்களும் மனம் தளர வேண்டாம். பருவ வயதினருக்கும் பெரியவர்களுக்கும் செய்யக்கூடியவை இன்னும் பல உள்ளன.